வரையெல்லை வேறு, வாழ்நாள் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வாரந்தோறும் வரும் நிரலாக்கத் தொடரை முதல் பகுதியிலிருந்தே விடாமல் படித்து வருகிறேன். 34 ஆண்டுகள் சி மொழியிலும் ஃபோர்ட்ரானிலும் கணினி நிரல் எழுதியே வாழ்ந்தவள் நான். நான் படித்த காலத்தில் தமிழில் இப்படி ஒரு வரிகூடக் கிடைத்ததில்லை. ஆகவே இந்தத் தொடர் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மகிழ்ச்சிதான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது. நல்ல தொடரில் ஒரு பிழை அச்சாகிவிட்டால், தொடர் நன்றாக இருப்பதாலேயே அந்தப் பிழையையும் மாணவர்கள் நம்பிவிடுவார்கள்.

கடந்த வாரப் பகுதி, செயற்கூறுக்குள் (ஒரு வேலைக்கெனப் பெயரிட்டு எழுதும் நிரல்துண்டுக்குள்) அறிவிக்கப்படும் மாறிகளை (மதிப்பு வைக்கும் பெயரிட்ட இடங்களை)ப் பற்றியது. அதில் 'எல்லை' என்ற ஒரே சொல் இரண்டு பொருளில் வருகிறது. மாறியின் பெயர் நிரலின் எந்தப் பகுதியில் செல்லுபடியாகும் என்பதற்கும் அதே சொல். அந்த மாறிக்கென நினைவகத்தில் ஒதுக்கிய இடம் எவ்வளவு நேரம் நிலைக்கும் என்பதற்கும் அதே சொல். செயற்கூறின் கடைசி வரியோடு மாறியின் எல்லை முடிகிறது, அதனால் மாறியும் அழிகிறது என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அந்த 'அதனால்' தவறு. என் கடிதம் முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் அக்காள் மகள்தான் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். "சித்தி, வகுப்பில் கொடுத்த ஒரு நிரலில் 'எண்ணி' என்ற மாறி செயற்கூறுக்குள்ளேதான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து அதைத் தொட்டால், நிரலைக் கணினிக்கு மாற்றித் தரும் நிரல்பெயர்ப்பி பிழை என்கிறது. ஆனால் அடுத்த முறை அழைக்கும்போது பழைய எண் அப்படியே உள்ளே இருக்கிறது. இதில் எழுதியிருப்பதுபோல் அது அழிந்திருந்தால் பழைய எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டாள். சரியான கேள்வி. அவளிடம் கணினி இருந்தது, இயக்கிப் பார்த்தாள், ஐயம் வந்தது. கணினி கைக்கு எட்டாமல் செய்தித்தாளை மட்டும் நம்பிப் படிக்கிற மாணவருக்கு அந்த ஐயம் வர வழியே இல்லை.

ஒரு மாறியைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். நிரலின் எந்த வரிகளில் இந்தப் பெயரைச் சொன்னால் இந்த மாறியைக் குறிக்கும் என்பது முதல் கேள்வி. இதற்கு விடை தாளிலேயே இருக்கிறது. நிரலை ஒரு முறைகூட இயக்காமல், பென்சிலால் கோடு போட்டே காட்டிவிடலாம். இதை வரையெல்லை என்கிறோம். நிரல் ஓடும்போது எந்தக் கணத்தில் இந்த மாறிக்கு இடம் பிறக்கிறது, எந்தக் கணத்தில் அந்த இடம் பறிபோகிறது என்பது இரண்டாம் கேள்வி. தாளைப் பார்த்தால் மட்டும் போதாது. ஓட்டத்தை மனத்தில் நிகழ்த்திப் பார்க்க வேண்டும். இதை வாழ்நாள் என்கிறோம். நம் அகப்பொருள் இலக்கணம் முதற்பொருளை நிலம் என்றும் பொழுது என்றும் இரண்டாகப் பகுத்து வைத்திருக்கிறது. குறிஞ்சி என்ற நிலத்தைச் சொல்லிவிட்டால் யாமம் என்ற பொழுதைச் சொல்ல வேண்டியதில்லை என்று எந்த உரையாசிரியரும் விட்டுவிடவில்லை. இந்தப் பகுப்பு மொழியிலேயே ஊறியிருக்கும்போது, மாறிகள் விஷயத்தில் மட்டும் ஏன் அதைக் கைவிட வேண்டும்?

இது ஏட்டுச் சுரைக்காய் என்று கட்டுரையாளர் நினைக்கக்கூடும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. எந்திரங்களின் பராமரிப்பு அறிக்கையை அச்சிடும் நிரல் என் பொறுப்பில் இருந்தது. நாளைக் குறிக்கும் ஓர் எண்ணைக் கொடுத்தால் அதை எழுத்து வடிவில் திருப்பித் தரும் ஒரு செயற்கூறை சி மொழியில் எழுதினேன். அதற்குள் 20 எழுத்துகள் கொள்ளும் ஓர் அணியை (வரிசையான இடத்தை) அறிவித்து, நாளை அதில் எழுதி, அந்த அணியின் முகவரியைத் திருப்பி அனுப்பினேன். இரண்டு மாதங்கள் ஒழுங்காக ஓடியது. பிறகு உடன் பணியாற்றிய ஒருவர், என் செயற்கூறை அழைக்கும் வரிக்கும் அச்சிடும் வரிக்கும் நடுவில் பதிவேட்டில் குறிப்பு எழுதும் வேறொரு செயற்கூறின் அழைப்பைச் சேர்த்தார். அன்று முதல் நாள்கள் சிதைந்தன. முதல் நான்கைந்து எழுத்துகள் சரியாக இருக்கும். மற்றவை பொருளற்ற குறிகள்.

அவர் சேர்த்த வரியில்தான் பிழை என்று உறுதியாக நம்பினேன். அவரிடம் அப்படியே சொல்லவும் செய்தேன். அந்த வரியை எடுத்தால் எல்லாம் சரியாகிவிட்டதே, வேறெப்படி நினைப்பது? என் செயற்கூறுக்குள்ளேயே அச்சிட்டுப் பார்த்தேன். நாள் சரியாக இருந்தது. வெளியே வந்தபின் பார்ப்பதற்கென ஒரு வரி சேர்த்தேன். சிதைவு வேறு வடிவத்தில் வந்தது. பார்ப்பதற்காகச் சேர்த்த வரியே பிழையை மாற்றிவிடுகிறது என்றால் எதைப் பிடித்துக்கொண்டு தேடுவது? இரண்டு இரவுகள் தூங்கவில்லை.

நடந்தது இதுதான். ஒரு செயற்கூறை அழைக்கும்போதெல்லாம் அதன் உள்ளமை மாறிகளுக்கும், திரும்பிப் போக வேண்டிய முகவரிக்கும் அடுக்கு என்ற நினைவகப் பகுதியின் உச்சியில் இடம் ஒதுக்கப்படுகிறது. செயற்கூறு முடிந்ததும் உச்சியைக் காட்டும் குறி கீழே இறங்குகிறது. அவ்வளவே. அங்கே இருந்த எழுத்துகளை யாரும் அழிப்பதில்லை. ஆகவே உடனே போய்ப் பார்த்தால் பழைய நாள் அப்படியே தெரியும். அடுத்து எந்தச் செயற்கூறை அழைத்தாலும், அது தன் மாறிகளை அதே இடத்தின் மேல் எழுதும். என் அணி செயற்கூறு முடிந்த கணமே இறந்துவிட்டது. இரண்டு மாதங்களாக நான் அச்சிட்டுக்கொண்டிருந்தது இன்னும் யாரும் கலைக்காத எச்சத்தை. உடன் பணியாற்றியவரின் வரி அந்த எச்சத்தைக் கலைத்தது. பிழையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அணியின் முகவரியை நேரடியாகத் திருப்பியிருந்தால் இன்றைய நிரல்பெயர்ப்பிகள் பெரும்பாலும் எச்சரித்துவிடும். நான் முதலில் அதை ஒரு சுட்டில் (முகவரியை வைக்கும் மாறியில்) வைத்து, பிறகு அந்தச் சுட்டைத் திருப்பினேன். எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

காரணம் தெரிந்ததும் ஒரே ஒரு சொல்லால் திருத்தினேன். அணியின் அறிவிப்புக்கு முன்னால் 'ஸ்டேட்டிக்' என்று சேர்த்தேன். இந்த இடத்தைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டுகிறேன். அணியின் வரையெல்லை ஓர் எழுத்துகூட மாறவில்லை. முன்பும் அதன் பெயர் அந்தச் செயற்கூறுக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும், பின்பும் அப்படியே. மாறியது வாழ்நாள் மட்டும். செயற்கூறோடு மடிந்த அணி இப்போது நிரல் தொடங்குவதிலிருந்து முடியும் வரை வாழ்ந்தது. எல்லையும் ஆயுளும் ஒன்றே என்றால் இந்தத் திருத்தத்தை விளக்கவே முடியாது.

மூன்று வாரங்கள் கழித்து, தொடக்க நாளையும் முடிவு நாளையும் ஒரே வரியில் அச்சிடும் புதிய அறிக்கையைச் செய்து கொடுத்தேன். எல்லா எந்திரங்களின் பராமரிப்பும் தொடங்கிய நாளிலேயே முடிந்துவிட்டதாக அது காட்டியது. ஒரே அச்சிடும் கட்டளைக்குள் என் செயற்கூறை இரண்டு முறை அழைத்திருந்தேன். இரண்டு அழைப்பும் ஒரே அணியின் முகவரியைத்தான் திருப்பின, ஏனெனில் இப்போது இருப்பது ஒரே அணி. எந்த அழைப்பு கடைசியாக நடக்கிறதோ அதன் நாள்தான் அதில் நிற்கும். எது முதலில் நடக்க வேண்டும் என்று சி மொழி விதிக்கவும் இல்லை. முதல் பிழையில் வாழ்நாள் போதவில்லை. இரண்டாவதில் அளவுக்கு மிஞ்சிவிட்டது. வரையெல்லை இரண்டிலும் ஒன்றே.

மூன்றாவது திருத்தம்தான் இன்றுவரை நான் சொல்லிக்கொடுப்பது: அழைப்பவரே இடம் கொடுக்கட்டும். அழைக்கும் செயற்கூறில் இரண்டு அணிகளை அறிவித்து, அவற்றின் முகவரிகளை அளபுருவாக (செயற்கூறுக்குக் கொடுக்கும் மதிப்பாக) அனுப்பினேன். என் செயற்கூறு அந்த இடத்தில் எழுதிவிட்டுத் திரும்பிவிடும். அந்த இடம் எவ்வளவு காலம் தேவை என்பது அதைப் பயன்படுத்துகிறவருக்குத்தானே தெரியும்.

இது அனுபவமில்லாத ஒருத்தி செய்த தவறு என்று ஒதுக்கிவிட வேண்டாம். சி மொழியின் சொந்த நூலகத்திலேயே இதே அமைப்பு இருக்கிறது. நேரத்தை எழுத்தாக்கித் தரும் 'சி-டைம்' என்ற செயற்கூறு 26 எழுத்துகள் கொண்ட, நிரல் முழுவதும் வாழும் ஒரே அணியின் முகவரியைத் திருப்புகிறது. இரண்டு நேரங்களை ஒரே வரியில் அச்சிட்டால் எனக்கு நடந்ததேதான் நடக்கும். சொற்றொடரைத் துண்டு துண்டாக வெட்டித் தரும் 'எஸ்-டி-ஆர்-டோக்' எந்த இடம் வரை வெட்டினோம் என்பதை உள்ளே மறைத்து வைத்துக்கொள்கிறது. அதனால் இரண்டு சொற்றொடர்களை மாற்றி மாற்றி வெட்ட முடியாது. இவற்றுக்கு மாற்றாக, இடத்தை அழைப்பவரே கொடுக்கும் வடிவங்கள் பின்னால் இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரத்தில் வந்தன.

சரி, நிலைத்து நிற்கும் மாறி ஒரு விதிவிலக்கு, சாதாரண உள்ளமை மாறிக்காவது கட்டுரை சொல்வது பொருந்தாதா என்று கேட்கலாம். பொருந்தாது. ஒரு செயற்கூறு நடுவில் இன்னொன்றை அழைக்கிறது என்று வையுங்கள். அழைக்கப்பட்டது ஓடிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும், அழைத்ததின் மாறிகள் உயிரோடுதான் இருக்கின்றன; ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் எந்த வரியிலும் அவற்றின் பெயர் செல்லாது. கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இருக்கின்றன. திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறதே, அது இதனால்தான். நாள்தோறும் கோடிக்கணக்கான முறை நடக்கும் சாதாரண நிகழ்ச்சி இது.

தற்சுழற்சியைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1 முதல் 5 வரையுள்ள எண்களைப் பெருக்கி 120 என்று சொல்லும் செயற்கூறு தன்னைத்தானே அழைத்து வேலை செய்கிறது. அதன் உரையில் அளபுரு ஒன்றே ஒன்று. அதன் வரையெல்லையும் ஒன்றே ஒன்று. ஆனால் மிக உள்ளே இருக்கும் அழைப்பு ஓடும் கணத்தில் அந்த ஒரு பெயரில் ஐந்து மாறிகள் அடுக்கில் உயிரோடு இருக்கின்றன: ஒன்றில் 5, ஒன்றில் 4, அப்படியே 1 வரை. ஒரு வரையெல்லைக்கு ஐந்து வாழ்நாள்கள். 'எல்லை' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை மாணவருக்கு எப்படி விளக்குவது? என் அக்காள் மகளுக்கு ஐந்து தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத்தான் காட்டினேன். ஒவ்வொரு தாளிலும் ஒரே பெயர், வேறு வேறு எண். மேல்தாளை எடுத்தபோதுதான் அடியில் இருப்பது தெரிந்தது. அந்த இடத்தில் அவள் முகம் மலர்ந்ததை மறக்க மாட்டேன்.

இந்தப் பிரிவு நேற்று வந்ததன்று. 1960இல் பீட்டர் நவுரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த, அல்கால் 60 என்ற நிரல்மொழியின் அறிக்கையிலேயே இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. தொகுதிக்குள் (சேர்த்துக் கட்டிய நிரல்வரிகளுக்குள்) அறிவிக்கும் பெயர் தொகுதிக்குள் மட்டும் செல்லும். அதில் 'ஓன்' என்ற சொல்லைச் சேர்த்து அறிவித்தால், பெயர் அதே இடத்தில் மட்டுமே செல்லும், ஆனால் மதிப்பு அடுத்த முறை தொகுதிக்குள் நுழையும்போதும் காத்திருக்கும். அந்த ஏற்பாட்டில் குறை இருந்தது. அத்தகைய மாறிக்குத் தொடக்க மதிப்பு கொடுக்க வழி வைக்கவில்லை. ஆனால் இரண்டும் வேறு என்று கண்டவர்கள் அவர்கள். அதே ஆண்டில் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா, தற்சுழற்சிக்கு அடுக்கைப் பயன்படுத்தும் முறையை விளக்கி எழுதினார். அழைப்புக்கு ஒரு வாழ்நாள் என்ற எண்ணம் செயல்முறையாக மாறிய இடம் அது.

ஃபோர்ட்ரான் வேறு வழியில் வந்தது. பழைய நிரல்பெயர்ப்பிகள் பலவற்றில் துணைநிரலின் மாறிகளுக்கு நிரந்தர இடமே ஒதுக்கப்பட்டது. ஆகவே மதிப்புகள் தாமாகவே தங்கின. தங்க வேண்டுமென்றால் 'சேவ்' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஃபோர்ட்ரான் 77 தரம் விதித்தது. அதை எழுதாமலே ஓடிய நிரல்கள் ஏராளம். அப்படி ஒன்றைப் புதிய கணினிக்கு மாற்றும் பணியை நான் செய்திருக்கிறேன். எத்தனையாவது சுற்று என்று எண்ணிக்கொண்டிருந்த மாறி, பழைய கணினியில் ஒழுங்காக ஏறியது. புதியதில் ஒவ்வொரு அழைப்பிலும் குப்பை எண்ணோடு தொடங்கியது. நிரலில் ஒரு வரியும் மாறவில்லை. வரையெல்லையைப் பற்றி மட்டும் யோசிக்கிறவர் அந்தப் பிழையை ஆண்டுக்கணக்கில் தேடினாலும் கண்டுபிடிக்க மாட்டார்.

அதற்கு நேர் எதிரான கண்ணி ஃபோர்ட்ரான் 90இல் இருக்கிறது. அறிவிப்பிலேயே தொடக்க மதிப்பாகச் சுழியம் கொடுத்தால், ஒவ்வொரு அழைப்பிலும் சுழியம் ஆகும் என்று சி மொழியிலிருந்து வருகிறவர் எதிர்பார்ப்பார். ஆகாது. அந்த அறிவிப்பே 'சேவ்' எழுதியதற்குச் சமம். சுழியம் ஒரே ஒரு முறைதான். பைத்தானில் அளபுருவுக்கு முன்னிருப்பு மதிப்பாக வெற்றுப் பட்டியல் கொடுக்கிறவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். அந்தப் பட்டியல் செயற்கூறு வரையறுக்கப்படும்போது ஒரு முறை பிறந்து, அழைப்புக்கு அழைப்பு வளர்ந்துகொண்டே போகிறது.

குழப்பத்துக்குச் சி மொழியும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'ஸ்டேட்டிக்' என்ற ஒரே சொல்லை அது இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறது. செயற்கூறுக்குள் எழுதினால் அது வாழ்நாளை நீட்டுகிறது. செயற்கூறுகளுக்கு வெளியே எழுதினால், ஏற்கெனவே நிரல் முழுவதும் வாழும் மாறியின் பெயரை அந்த ஒரு கோப்புக்குள் அடைத்துவிடுகிறது. வாழ்நாளில் எந்த மாற்றமும் இல்லை. நான் மிகவும் மதிக்கும் மொழி அது. ஆனாலும் இந்தச் சொல்லாட்சி தவறு என்றே 34 ஆண்டுகளாக நினைக்கிறேன். வேற்று மொழியார் செய்த அந்தப் பிழையை நாம் தமிழில் புதிதாக ஒரு கலைச்சொல் ஆக்கும்போது திரும்பச் செய்ய வேண்டுமா?

நிரல் முழுவதும் பெயர் செல்லும் முழுதளாவிய மாறிகளைத் தவிர்க்கச் சொல்லும் கட்டுரையின் அறிவுரையை வரவேற்கிறேன். அதற்குச் சொன்ன காரணம்தான் எனக்கு உடன்பாடில்லை. அவை நெடுநேரம் நினைவகத்தை அடைத்துக்கொள்கின்றன என்கிறார் கட்டுரையாளர். நீண்ட ஆயுள் பெரும்பாலும் ஒரு குற்றமே இல்லை; சில தகவல்கள் நிரல் முடியும் வரை இருந்தே ஆக வேண்டும். எந்த மூலையிலிருந்தும் எவரும் அவற்றை மாற்றலாம் என்பதே தீங்கு. வில்லியம் வுல்ஃபும் மேரி ஷாவும் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை கண்டித்ததும் இதைத்தான்: ஒரு பகுதியைப் புரிந்துகொள்ள நிரல் முழுவதையும் படிக்க வேண்டியிருப்பதை. மருந்து ஆயுளைக் குறைப்பதில் இல்லை. ஆயுளை அப்படியே விட்டுவிட்டு, பெயர் தெரியும் பரப்பைச் சுருக்க வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்கிறவருக்கே இந்த மருந்து கையில் அகப்படும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த வாரம் சுட்டுகளைப் பற்றி எழுதப்போவதாகக் கட்டுரையின் கீழே அறிவிப்பு இருக்கிறது. அதற்கு முன் ஒரு சிறு திருத்தமாவது வெளியிடுங்கள். வரையெல்லை, வாழ்நாள் என்ற இரண்டு சொற்களும் வழக்கில் இருக்கின்றன, இரண்டும் சொன்னவுடன் விளங்குகின்றன. 'எல்லை' என்ற ஒற்றைச் சொல்லோடு சுட்டுகளுக்குள் நுழைந்தால், சுட்டு உயிரோடிருக்க அது காட்டும் இடம் இறந்து கிடப்பதை மாணவருக்குச் சொல்லவே முடியாது.

என் அக்காள் மகள் தன் குறிப்பேட்டில் ஓர் அட்டவணை போட்டிருக்கிறாள். ஒவ்வொரு மாறிக்கும் எதிரே இரண்டு கட்டங்கள்: பெயர் எங்கே செல்லும், இடம் எதுவரை இருக்கும். உள்ளமை மாறி, நிலைத்த மாறி, முழுதளாவிய மாறி என மூன்று வரிகளைச் சரியாக நிரப்பிவிட்டாள். நான்காவதாக, நிரல் ஓடும்போது குவியல் என்ற நினைவகப் பகுதியிலிருந்து கேட்டு வாங்கும் நினைவகத்தை எழுதியிருக்கிறாள். இரண்டாம் கட்டத்தில் 'திருப்பிக் கொடுக்கும் வரை' என்று இருக்கிறது. முதல் கட்டம் காலியாக இருக்கிறது. "இதற்குப் பெயரே இல்லையே சித்தி, பெயரில்லாததற்கு வரையெல்லை எப்படி இருக்கும்?" என்கிறாள். விடையை நான் சொல்லவில்லை. தங்கள் தொடரின் அடுத்த பகுதியில் அதைப் படிக்கக் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற நிரலாளர்